சிவக்காத முகம்

ஒரு மிடறு சாராயம் உள்ளே போனால் போதும், என் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். காது சுடும், நெஞ்சு படபடக்கும். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு இது பெரிய வேடிக்கை. "இவனுக்கு மூடியில ஊத்திக் குடுத்தாலே போதும்டா" என்பார்கள். அம்மா தூரத்திலிருந்தே கண்டுபிடித்து விளக்குமாற்றை எடுத்துவிடுவார். ஒரு சொட்டுக்குக் குடிகாரப் பட்டம் வாங்கியவன் நான்.

அண்ணன் முகம் எதையும் காட்டாது. அரைப் போத்தலை முடித்துவிட்டுக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்பான். பேர் கூப்பிட்டால் தெளிவாகப் பதில் வரும். பிறகு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறுவான். இரும்பு உடம்பு என்று மெச்சிய கூட்டாளிகளில் நானும் ஒருவன். பொறாமையும் இருந்தது, மறைப்பானேன். வாசத்தை மறைக்க வெற்றிலை இருந்தது. வீட்டில் என்னைத் தவிர யாரும் அவனைக் குடிப்பவன் என்று நினைக்கவில்லை.

போன வருடம் அவன் வயிறு வீங்கிக் கண் மஞ்சளானது. பதுளை ஆஸ்பத்திரியில் கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். எனக்கு ஒரு மிடறுக்கே முகம் சிவக்கும், அவனுக்குச் சிவந்ததே இல்லை, ஒரே தாய் பிள்ளைகளுக்குள் ஏன் இப்படி என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"சாராயத்த ஒடம்பு மொதல்ல ஒரு நஞ்சா மாத்தும். பெறகு அந்த நஞ்ச ஒடைக்கும். ஒங்களுக்கு அந்த ரெண்டாவது வேல மெதுவா நடக்குது போல. அதான் சிவக்குது. மரபணுவுல வர்றது. ஒங்களுக்கு வந்தது அவருக்கு வரல."

"அப்ப அவன் ஒடம்பு நல்லாத்தானே வேல செஞ்சிருக்கு?"

"செஞ்சதாலதான் அவருக்கு நிறுத்தத் தோணல. இவ்வளவு குடிச்சா எந்தக் கல்லீரலும் தாங்காது."

நான் கூச்சப்பட்ட சங்கதிதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

வராந்தாவில் அண்ணி பிடித்துக்கொண்டார். "டாக்டரம்மா ஆள் மாத்திச் சொல்றாங்க தம்பி. அவரு தொடவே மாட்டாரு. பதினேழு வருஷமா பாக்குறேன், ஒருநா மொகம் மாறினதில்ல. நீங்களாச்சும் போய்ச் சொல்லுங்க."

நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பாதி நாள் போத்தல் வாங்கிக் கொடுத்ததே நான்தான். அண்ணி என் முகத்தையே பார்த்தார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க அண்ணி."

"எப்ப இருந்து?"

"கல்யாணத்துக்கு முந்தியே."

அவர் வார்டுக்குள் போனார். நாலாம் நாள் அண்ணன் இறந்தான்.

முப்பதாம் நாள் சாப்பாட்டுக்கு அண்ணி லயம் முழுக்கக் கதவு கதவாகப் போய்ச் சொன்னார். நான் இருப்பது சுவரை ஒட்டிய அடுத்த காம்பராவில். என் கதவைத் தட்டவில்லை.