கார்டும் போர்டும் சேராத சனிக்கிழமை

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் தொழில். கட்டப்போகிற வீட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதற்குள் நடந்து போவதுபோலத் திரையில் காட்டுவேன். பழைய கம்ப்யூட்டர் அது; அடிக்கு அடி நின்று திணறும். ஒரு வெள்ளிக்கிழமை என் கணவர் திருநெல்வேலியிலிருந்து, திரையில் படத்தை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிவந்தார். யாரோ பயன்படுத்திய கார்டு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் வாங்கி அசத்த நினைத்திருக்கிறார்.

மறுநாள் மாலை நாலு மணிக்கு ராயகிரியிலிருந்து ஒரு தம்பதி வரவேண்டும். அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை துபாய்க்குத் திரும்புகிறார். அதற்குள் தான் கட்டப்போகும் வீட்டைத் திரையில் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தார்.

சனிக்கிழமை காலை, கணவர் வேலைக்குப் போனதும் கார்டை மதர்போர்டில் செருகி சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை இருண்டே கிடந்தது. கழற்றித் துடைத்துச் செருகினேன். வயரை மாற்றினேன். கார்டை எடுத்தால் படம் வந்தது, வைத்தால் போனது. உட்காரவும் முடியவில்லை, வேறு வேலை பார்க்கவும் முடியவில்லை. பத்து மணிக்குக் கணவருக்குப் போன் செய்தேன்.

"ஒங்கள நல்லா ஏமாத்திட்டான். கேக்காம எதுக்கு வாங்குனீய?"

"அங்கன ஓட்டிக் காட்டுனானே. நான் பாத்துட்டுத்தான் வாங்குனேன்."

"நீங்க என்னத்தக் கண்டீய" என்று போனை வைத்துவிட்டேன்.

கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ராஜபாளையம் சாலையிலுள்ள சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி கார்டைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். படம் பளிச்சென்று வந்தது. எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

"கார்டும் நல்லாருக்கு, ஒங்க போர்டும் நல்லாருக்கு" என்றார். "போர்டு பழசும்மா. இந்தக் கார்டு பின்னால வந்தது. அதுக்கு இத அடையாளம் தெரியல. பயாஸப் புதுசா ஏத்தணும்."

பயாஸ் என்பது சுவிட்சைப் போட்டதும் மதர்போர்டு முதலில் ஓடவிடும் சின்ன புரோகிராம்.

"ஏத்துங்க அண்ணாச்சி."

"பாதியில நின்னா போர்டு செத்துரும். பொறவு என்னையக் குத்தம் சொல்லக்கூடாது."

தலையாட்டினேன். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, என் கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவைச் செருகி அவர் வேலையைத் தொடங்கினார். திரையில் ஒரு கோடு நகர ஆரம்பித்தது. வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன். கணவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை.

கோடு பாதியைத் தாண்டியபோது கரண்ட் போய்விட்டது. டியூப்லைட் அணைந்தது. யுபிஎஸ் கீக் கீக்கென்று கத்தத் தொடங்கியது.

"எதையும் தொடாதீய" என்றார் அண்ணாச்சி. அவருடைய கையும் மேசைமேல் அசையாமல் இருந்தது. "பேட்டரி பழசுதான். தாங்கும்னு நெனைக்கேன்."

எண்பது சதவீதம். எண்பத்தைந்து. யுபிஎஸ்ஸின் சத்தம் வேகமெடுத்தது. நான் திரையைப் பார்க்காமல் சாலையில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "முடிஞ்சுட்டு" என்று அவர் சொன்னபிறகே திரும்பினேன். கரண்ட் வந்ததும் கார்டைச் செருகினார். படம் வந்தது.

கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். நாலு மணிக்குத் தம்பதி வந்தார்கள். திரையில் வீடு தடங்கலில்லாமல் திறந்துகொண்டே போனது. அடுக்களைக்குள் போனதும் அந்த அம்மா, "இங்கன ஒரு ஜன்னல் வைங்க. நான்தான இங்கன நிக்கப்போறேன்" என்றார். இரண்டு முறை அதை வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருந்த அவருடைய கணவர் இப்போது திரைப் பக்கம் குனிந்து பார்த்தார். அங்கேயே ஜன்னலை வரைந்து காட்டினேன்.

என் கணவர் ஆறரை மணிக்கு வந்தார்.

"கார்டுல ஒண்ணும் கொறையில்ல. காலைல நான் பேசுனது தப்பு" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அடுத்த தடவ ஒன்னையக் கூட்டிட்டே போறேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

அதில் கோபம் இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.