ரபவுல் பிள்ளையார்

நான் பிறவியிலேயே பயந்தவள். பல்லி விழுந்தால் பயம், விழுந்த பல்லிக்குப் பலன் பார்த்தால் அதைவிடப் பயம். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஓர் எரிமலைக்கு அடியில் குடிவைத்தார் என் கணவர். ரபவுல் என்ற பெயரை எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பசிபிக் கடலில், நியூகினிக்குப் பக்கத்துத் தீவொன்றின் முனையில் இருக்கும் துறைமுகப் பட்டினம் அது. அப்போது ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருந்தது. துறைமுகத்தில் என் கணவருக்கு இன்ஜினியர் வேலை. நல்ல சம்பளம், அரசாங்க வீடு, வாசலில் மாமரம். யன்னலைத் திறந்தால் புகைகிற மலை.

போர்க்காலத்தில் யப்பான் படை அந்த ஊரைப் பிடித்து வைத்திருந்ததாம். மலைகளைக் குடைந்து சுரங்கம் வெட்டி, ஆஸ்பத்திரியைக்கூட மண்ணுக்குள் நடத்தியிருக்கிறார்கள். மேலேயிருந்து குண்டு போட்டுப் போட்டு ஊரில் கட்டடம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லையாம். நாங்கள் போனபோது எல்லாம் புதிதாக இருந்தன. ஆனால் எங்கே கிண்டினாலும் போர்தான் வெளியே வந்தது. துறைமுகத்தில் சேறு வாருகிறவர்களுக்குத் துருப்பிடித்த தலைக்கவசம் அகப்படும், போத்தல் அகப்படும், வெடித்த குண்டின் பித்தளைக் கோது அகப்படும். வெற்றுக் கோதுகளில் குடை வைப்பார்கள், பூ வைப்பார்கள். என் கணவரின் மேலதிகாரி வீட்டில் கதவு அடிபடாமல் முட்டுக்கொடுத்திருந்ததும் ஒரு குண்டுதான். அதன் பக்கத்தில் இருந்து தேநீர் குடித்திருக்கிறேன்.

அங்கே எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். நிலநடுக்கத்தை அந்த ஊரார் குரியா என்பார்கள். குரியா வந்து அலுமாரிக் கோப்பைகள் கிலுகிலுத்தால் நான் முற்றத்தில் நிற்பேன். கணவர் கட்டிலில் கிடந்தபடியே, "உமக்கு உம்மட நிழலுக்கும் பயம்" என்பார். சுரங்கங்களின் வாயைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். பித்தளைக்கு மட்டும் நான் பயப்படவில்லை. பித்தளை என்றால் எனக்குக் குத்துவிளக்கும் செம்பும் தாம்பாளமும்தான்.

எங்கள் மகள் அங்கேதான் பிறந்தாள். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, பிள்ளையார் பிடித்து வைத்துக் கும்பிட வேண்டும். மஞ்சள்மா முடிந்துவிட்டது, சாமான் கப்பல் இன்னும் வரவில்லை. சாணிக்கு மாடும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுபோன படத்தைப் பூஞ்சணம் தின்று, பிள்ளையாரில் தும்பிக்கை மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சேறு வாரும் ஆட்கள் என் கணவரிடம் ஒரு பித்தளைச் சாமானைக் கொடுத்திருந்தார்கள். அடி அகன்று, மேலே ஒடுங்கி, நுனி மழுங்கிய கூம்பு. நடுவில் வளையங்கள். கைக்கு அடக்கம், ஆனால் நல்ல கனம்.

"இது ஏதோ குண்டின்ர மூடியாக்கும். இத்தனை வருசம் கடலுக்குள்ள கிடந்து செத்துப்போச்சு" என்றார்.

புளி போட்டுத் தேய்த்தேன். பொன்னாக மினுங்கியது. பிடித்து வைத்தால் பிள்ளையார் என்பார்கள். நான் பிடிக்கக்கூட இல்லை, தேய்த்து வைத்தேன். சந்தனப் பொட்டு வைத்து, தலையில் அறுகம்புல் சாத்தியதும் அசல் பிள்ளையாராகவே இருந்தார். அவருக்கு முன்னால் மகளைக் கிடத்திக் கும்பிட்டோம். அன்று இரவு எனக்குப் பயமில்லாமல் நித்திரை வந்தது.

அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கும் காலத்தில் நாங்கள் சிட்னிக்கு வந்தோம். டூங்கபியில் ஒரு வாடகை வீடு. இப்போது மேய்ஸ் ஹில்லில் முருகன் இருக்கிறார், காரை எடுத்தால் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம். அப்போது ஒரு கோயிலும் இல்லை. நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கூடுவார்கள். பிள்ளையாருக்குப் பால் வார்ப்போம். பாதத்தடியில் கற்பூரம் கொளுத்துவோம். தேங்காயை அவருக்கு முன்னாலேயே உடைப்போம், அதுவும் சுத்தியலால். ஒருத்திக்கு வெகுகாலத்துக்குப் பிறகு பிள்ளை தங்கியது. ஒருவருக்கு மைக்ரேஷன் அலுவல் சரிவந்தது. ரபவுல் பிள்ளையார் என்று பெயரும் புகழும் பரவி, மெல்பேண் வரைக்கும் போய்விட்டது.

மெல்பேணில், வெரிபீயில், என் கணவரின் கூட்டாளி ஒருவர் வீடு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை குடிபூரல், புது வீட்டில் பால் பொங்கிக் குடிபுகும் நாள். பிள்ளையார் வந்து அடுப்படியில் இருந்தால்தான் பால் பொங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். முகூர்த்தம் எது என்பதில் அவருக்கும் என் கணவருக்கும் தொலைபேசியில் ஒரு கிழமையாகச் சண்டை. பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்தில் கணித்தது. காலைப்பொழுது என்று போட்டிருந்தால் இங்கேயும் காலையில்தான் என்பது என் கணவர் கட்சி. இல்லை, யாழ்ப்பாணத்தில் காலையாகும்போது இங்கே நடுப்பகல், அப்போதுதான் பொங்க வேண்டும் என்பது அவர் கட்சி. சண்டை தீருமுன்பே பயண நாள் வந்துவிட்டது. எனக்கோ வெள்ளிக்கிழமையே மாதத் துடக்கு வந்துவிட்டது. சாமியோடு ஒரே காரில் போகக்கூடாது என்று நான் வீட்டில் நின்றுவிட்டேன். சனிக்கிழமை விடிய மகளைப் பின் சீற்றில் இருத்தி, பட்டுத்துணியில் சுற்றிய பிள்ளையாரை அவள் மடியில் வைத்து, கதவைச் சாத்திவிட்டேன். அவளுக்கு அப்போதுதான் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தது. கையசைத்தால் பிள்ளையார் விழுந்துவிடுவார் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஞாயிறு காலை, பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் குசினிக் குழாயைத் திருத்த வந்தார். மனைவியை இழந்த வெள்ளைக்காரர். தக்காளி வளர்ப்பார், அதிகம் பேசமாட்டார். இடக்கையில் இரண்டு விரல் இல்லை. மரம் அரியும் மில்லில் வேலை செய்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து கை துடைத்தவர், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். முந்தின மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எடுத்த படம். மகள் பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இரண்டு பேருக்கும் பொட்டு.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார்.

"பிள்ளை கையில் வைத்திருப்பது என்ன?"

"எங்கள் சாமி" என்றேன்.

"எங்கே வாங்கினீர்கள்?"

ரபவுலில் கிடைத்தது, ஏதோ குண்டின் மூடியாம் என்றேன். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. போர் முடிந்த கையோடு அங்கே குண்டுகளைப் பொறுக்கி அழிக்கப் போன பட்டாளத்தில் தானும் ஒருவன் என்றார். விரல்கள் அங்கேதான் போயின. இது மூடி அல்ல, பீரங்கிக் குண்டின் மூக்கு. குண்டை வெடிக்க வைப்பதே இதுதான், இதற்குள்ளேயே தனி மருந்து இருக்கும் என்றார். இதைவிடச் சிறியதொன்றுதான் தன் விரல்களைக் கொண்டுபோனது, கூட நின்றவனை முழுதாகக் கொண்டுபோனது என்றார்.

"இப்போது எங்கே இருக்கிறது?"

அடுப்படியில் என்று எப்படிச் சொல்வது? என் பிள்ளையோடு என்று எப்படிச் சொல்வது?

ஒருவாறு சொன்னேன். வெரிபீயில் புது வீட்டுக்குத் தொலைபேசி இன்னும் வரவில்லை. அவர் எங்கள் தொலைபேசியை எடுத்துப் பொலிசைக் கூப்பிட்டார். மறுமுனையில் இருந்தவனுக்கு விளங்கவில்லை. சாமி என்கிறீர்கள், குண்டு என்கிறீர்கள், எது என்று கேட்டிருக்கிறான். அந்த அமைதியான மனிதர் போட்ட சத்தத்தில் எங்கள் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெல்பேண் பொலிசுக்குச் சொல்லி ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். காத்திருங்கள் என்றார்கள்.

காத்திருப்பது என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. எரிமலைக்கு அடியில் நான் பட்டதெல்லாம் பயமே அல்ல, விளையாட்டு. பால் பொங்கியாகிவிட்டதா, இனித்தானா? என் கணவர் சண்டையில் வென்றிருந்தால் எல்லாம் அப்போதே முடிந்திருக்கும். கட்டிய நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு வாக்குவாதத்திலும் விட்டுக்கொடுத்தவர் அல்ல. இந்த ஒரு சண்டையிலாவது அவர் தோற்கட்டும் என்று நினைத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் பித்தளை சூடேறுவதும், முன்னால் கற்பூரம் எரிவதும், சுத்தியல் இறங்குவதும், என் மகள் எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னுக்குப் போய்க் கைகூப்பி நிற்பதும் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தன. அவள் எப்போதும் முன்னுக்குத்தான் நிற்பாள். அப்படிப் பழக்கியவள் நான்.

'பிள்ளையாரே, பிள்ளையைக் காப்பாற்று' என்று தொடங்கினேன். பாதியில் நாக்கு நின்றுவிட்டது. யாரைக் கேட்கிறேன்? சாமியறை வாசல் வரைக்கும் போனேன். துடக்கோடு உள்ளே போக முடியாது. வாசலில் நின்று பார்த்தால், அவர் இருந்த இடத்தில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"வெடிக்குமா?" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "தெரியாது" என்றார். தேநீர் போட்டு என் முன்னால் வைத்தார். நான் தொடவில்லை, அவரும் தொடவில்லை. அது ஆடை கட்டிக் கிடந்தது.

தொலைபேசி அடித்தபோது அவர்தான் எடுத்து என் காதில் வைத்தார். என் கணவர்.

"பால் பொங்கியாச்சோ?" இதுதான் நான் முதலில் கேட்டது.

"இல்லையப்பா, இன்னும் இல்லை. இவன் கேட்டால்தானே? மத்தியானம்தான் எண்டு நிண்டிட்டான். அடுப்பில பானையை வைச்சிட்டுச் சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள், பொலிஸ் வந்திட்டுது." அவர் குரல் நடுங்கியது. அவர் குரல் நடுங்கி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "எல்லாரும் றோட்டுக்கு வந்திட்டம், நான் முனை வீட்டு ஃபோனில கதைக்கிறன். பிள்ளை என்ர கையிலதான். இஞ்சேரும்... அழாதையும்."

நான் அழவில்லை. ஊளையிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, திருத்திய குழாயை மறுபடியும் திருத்தினார்.

பின்னேரம் இராணுவத்தார் வந்து பிள்ளையாரை ஒரு பெட்டிக்குள் மணலில் வைத்து, ஆளில்லாத கற்குழிக்குக் கொண்டுபோனார்களாம். அவர்கள் வைத்த வெடியோடு சேர்ந்து அதுவும் வெடித்ததாம். இத்தனை வருடமும் உயிரோடுதான் இருந்திருக்கிறது. அதைச் சொன்ன அதிகாரி, வீட்டில் இதை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறான். பால் வார்த்தோம், நெருப்புக் காட்டினோம், பக்கத்தில் சுத்தியலால் தேங்காய் உடைத்தோம் என்று என் கணவர் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டானாம்.

செய்தி பரவியதும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "பாத்தீங்களோ அக்கா, பிள்ளையார்தான் எங்களைக் காப்பாத்தினவர்." யாரிடமிருந்து காப்பாற்றினார் என்று கேட்க நினைத்தேன். எனக்கு அவர்கள்மேலும் கோபம், கணவர்மேலும் கோபம், புளியும் கையுமாக நின்ற என்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

திங்கட்கிழமை மாலை கார் வந்து நின்றது. மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினிக் கதிரையில் இருத்திச் சோறு ஊட்டினேன். ஊட்டும்போதே கை, கால், காது எல்லாம் தடவிப் பார்த்தேன். அவளுக்குப் பிள்ளையாரைப் பறித்துக்கொண்டு போன கவலை.

"பொலிஸ் அங்கிள் தரவே இல்லை அம்மா. நான்தானே கவனமா வைச்சிருந்தனான்."

"ஓம் குஞ்சு, கவனமாத்தான் வைச்சிருந்தனீ."

அவள் மென்று விழுங்கிவிட்டு, இரகசியம் சொல்வதற்குப் போல என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"அம்மா, பிள்ளையாருக்குக் கழுத்து திரும்பும், தெரியுமோ? அப்பா கார் ஓட்டேக்க நான் பாத்தனான்."

வாயருகே போன என் கை அப்படியே நின்றது. அவள் தன் இரண்டு சின்னக் கைகளையும் எடுத்து, ஒன்றால் இல்லாத பிள்ளையாரின் அடியைப் பிடித்து, மற்றதால் அந்த வளையத்தைத் திருகிக் காட்டினாள்.

"இப்பிடி. கொஞ்சம்தான் திருப்பினனான். இன்னும் திருப்பினா கழண்டு வந்திருக்கும்."

"பிறகு?" என்றேன்.

"பிறகு விட்டிட்டன்" என்றாள். "பிள்ளையாருக்கு நோகுமெல்லோ."