கிழக்கு மூலைக் கத்தரி

எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள் சேர்ந்து ஒரு விவசாயியை வைத்திருந்தோம். கோவில்களில் யானை வைத்திருப்பார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. அவர் பெயர் துரைக்கண்ணு நாயக்கர். ஓரிக்கையில் பாலாற்றுக் கரையை ஒட்டி அரை ஏக்கருக்குச் சற்றே கூடுதலான நிலமும், ஒரு கிணறும், யாரையும் மதிக்காத ஒரு வாயும் அவருடைய சொத்து.

எழுபத்திரண்டாம் வருஷம் காய்கறி விலை கண்டபடி ஏறியபோது இந்த யோசனையைச் சொன்னவர் என் பக்கத்து வீட்டு வீரபத்திரன் செட்டியார். நாங்கள் இருவரும் ஒரே கடைக்குப் பட்டு நெய்கிறவர்கள். அவர் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், தெருவில் தமிழ் பேசுவார், நான்கு பேர் கூடிவிட்டால் தீர்மானம் பேசுவார். ஆடி மாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று எருவுக்கும் பிண்ணாக்குக்கும் துரைக்கண்ணுவிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். புரட்டாசியிலிருந்து மாசி வரை நிலத்தில் எது விளைகிறதோ அதை அவர் வாரம் இரண்டு முறை பதினெட்டுப் பங்காகக் கொண்டுவந்து தர வேண்டும். விளையாமல் போனால் அதுவும் பதினெட்டுப் பங்கு. இந்தக் கடைசி வரியைக் கேட்டு எல்லோரும் கை தட்டினோம். விளையாமல் போகும் என்று எங்களில் ஒருவரும் நம்பவில்லை.

அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. ஆகவே அன்று வீட்டுக்கு ஒருவர் நிலத்துக்குப் போய் உதவ வேண்டும் என்றும் வீரபத்திரன் ஒரு தீர்மானம் போட்டார்.

"பதினெட்டு பேரா? என் நிலம் தாங்காதுபா" என்றார் துரைக்கண்ணு.

தீர்மானம் ஏற்கெனவே நிறைவேறியிருந்ததால் அவர் சொன்னது குறிப்பில் ஏறவில்லை.

முதல் அமாவாசையில் களை பிடுங்கினோம். களையோடு முளைக்கீரையையும் பிடுங்கினோம். இரண்டும் பச்சையாகத்தான் இருந்தன. துரைக்கண்ணு வரப்பில் நின்று எங்கள் ஏழு தலைமுறையையும் விசாரித்தார். பிறகு எங்களை மரத்தடியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். அவர் மனைவி செல்லியம்மாள், "இவங்களுக்கு மோர் குடுத்து உக்கார வச்சிட்டா அதுவே பெரிய உதவி" என்றாள். அடுத்து வந்த அமாவாசைகளில் அவர்கள் அந்த வழியைத்தான் கையாண்டார்கள்.

பங்கு போடுவதில் அவரிடம் ஒரு முறை இருந்தது. சைக்கிளில் கூடைகளைக் கட்டிக்கொண்டு வந்து, தெரு முனையில் சாக்கை விரித்துப் பதினெட்டுக் குவியல் வைப்பார். யாராவது ஒருவர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இவர் ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். நிற்பவர் திரும்பிப் பார்க்காமல் ஒரு வீட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். இதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்தில் கிடையாது. அப்படியும் ஒவ்வொரு முறையும் பதினேழு வீடுகளுக்கு அநியாயம் நடந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் அவரையும் வெண்டையும் அழுகிப்போயின. மூன்று வாரம் கீரைத்தண்டு மட்டும் வந்தது. வீரபத்திரன் கூட்டம் போட்டு வருத்தம் தெரிவித்தார். மழை அதைப் பொருட்படுத்தவில்லை. அப்புறம் கார்த்திகையில் கத்தரி காய்க்கத் தொடங்கியது. உருண்டையாக, பச்சையில் வெள்ளை வரியோடு, காம்பில் முள்ளோடு ஒரு கத்தரி. வாயில் வைத்தால் வெண்ணெய். முதல் வாரம் அப்படித்தான் எல்லோரும் சொன்னோம். மார்கழியில் பேச்சு மாறியது. தை பிறந்தபோது எங்கள் தெருவில் கத்தரிக்காயைப் பற்றிப் பேசினால் சண்டை வரும் நிலை. கத்தரிக்காய்க் குழம்பு, கத்தரிக்காய்த் துவையல், கத்தரிக்காய் வற்றல். என் மனைவி தேவகி ஒரு பங்கை அப்படியே தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அண்ணன்மேல் பாசம் என்றாள்.

"காய்க்குள்ள பூச்சி இருக்குது நாயக்கரே" என்று ஒரு நாள் வீரபத்திரன் பிளந்து காட்டினார்.

"அதுக்கும் ஒரு பங்கு உண்டு செட்டியாரே. ஆடியில பணம் கட்டல, அவ்ளோதான்" என்றார் துரைக்கண்ணு.

இவ்வளவு கத்தரி ஏன் போட்டார் என்று எங்களுக்குள் ஆராய்ச்சி நடந்தது. வேலை குறைவு என்பதால் என்று ஒருவர் சொன்னார். நம்மைப் பழி வாங்க என்று நான் சொன்னேன். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மாசியில் கிணற்றுத் தண்ணீர் அடியைத் தொட்டது. கடைசிக் கூடையில் நாலு முள்ளங்கியும் கொஞ்சம் கொத்தவரையும் வந்தன. "இத்தோட சரி. இனிமே ஆடிக்குத்தான்" என்றார். தங்கை பேத்திக்குக் காது குத்து என்று செல்லியம்மாளையும் கூட்டிக்கொண்டு தென்னேரிக்குக் கிளம்பியவர், வீரபத்திரனிடம், "அமாவாசைக்கு வந்தீங்கன்னா காஞ்ச செடியப் புடுங்கி ஒரு பக்கமா போட்டு வையுங்க. அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அமாவாசையன்று மோர் கொடுக்க ஆள் இல்லை. அதனால் நாங்கள் வேலை செய்தோம்.

காய்ந்த செடிகளை ஒரு மணி நேரத்தில் பிடுங்கிவிட்டோம். பிறகு கிழக்கு மூலைக்கு வந்தோம். அங்கே ஆறு கத்தரிச் செடிகள் நின்றன. இலை பாதி உதிர்ந்து, ஒவ்வொன்றிலும் காய் மஞ்சளாகப் பழுத்து, தோல் சுருங்கித் தொங்கியது. பக்கத்துப் பந்தலில் பீர்க்கங்காய் முற்றிக் காய்ந்து, ஆட்டினால் கலகலவென்றது. விதைக்கு விட்டவை அவை. நூறு செடியில் ஆறைப் பொறுக்கி, மற்றவற்றைப் பறித்தாலும் இந்த ஆறின் காயைத் தொடாமல் துரைக்கண்ணு பழுக்கவிட்டிருந்தார். அந்த வரிக் கத்தரி அவரிடம் தவிர வேறு யாரிடமும் இல்லை. இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரிந்ததெல்லாம் வீரபத்திரனுக்குத் தெரிந்த அளவுதான்.

"பாருங்கபா, பறிக்காம விட்டு எப்படி வீணாக்கிக்கினு இருக்கிறாருன்னு! இது நம்ம பங்குதானே?" என்று இடுப்பில் கை வைத்து நின்றார்.

எல்லோரும் அநியாயம் என்றோம். நான் சற்று உரக்கவே சொன்னேன்.

செடிகளை வேரோடு பிடுங்கினோம். பெண்கள் உடம்பு தேய்க்க நாராகும் என்று பீர்க்கங்காய்களைப் பங்கு போட்டுக்கொண்டு, உள்ளே இருந்த கறுப்பு விதைகளைக் குப்பையில் உதறினார்கள். குப்பைக்குத் தீ வைத்தோம். பழுத்த கத்தரிக்காய் இரண்டு கூடை இருந்தது. சமைக்க ஆகாது, எறிய மனம் வரவில்லை. என் வீட்டுப் பசுவுக்குக் கொண்டுவந்து போட்டேன். ஒரு காம்பு மிச்சமில்லாமல் தின்றது. அந்த வருஷம் கத்தரிக்காயைக் குறை சொல்லாத ஒரே பங்குதாரர் அதுதான்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். நிலம் முழுவதும் மொட்டையாக, கோலம் போடலாம் போல இருந்தது. எங்களுக்கு ரொம்பப் பெருமை.

இரண்டு நாள் கழித்து வீரபத்திரன் வீட்டில் புதுப் பாவு ஏற்றினோம். பாவு என்றால் தறியில் நெடுக்கே ஓடும் பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில். உதவிக்கு நானும் இன்னும் இரண்டு பேரும் தறியைச் சுற்றி உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டு இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தோம். துரைக்கண்ணு உள்ளே வந்தார். கத்தப்போகிறார் என்று காதைத் தயார் செய்துகொண்டேன். அவர் கத்தவில்லை.

"வாங்க நாயக்கரே! பாத்தீங்களா, எப்டி சுத்தம் பண்ணி வச்சோம்?" என்றார் வீரபத்திரன்.

துரைக்கண்ணு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எங்கள் கைகளைப் பார்த்தார். "இது இன்னா வேலை?" என்று கேட்டார்.

விளக்கம் கேட்க ஆள் கிடைத்துவிட்டால் வீரபத்திரனுக்கு விருந்து. "பழைய பாவு நெய்து முடிஞ்சிது. முடிஞ்சாலும் முழுசா அறுக்கமாட்டோம். ஒரு முழம் தறியிலயே வுட்டு வச்சிருக்குது பாருங்க. அதுல ஒவ்வொரு இழையும் அச்சுப் பல்லுக்குள்ள ஏற்கெனவே கோத்து இருக்குது. அது முனையில புது இழையப் பிணைச்சிட்டா புதுப் பாவு தானா உள்ள வந்துடும்."

"நெய்து முடிஞ்சதுதானே? பாக்கவும் அழுக்கா இருக்குது. அறுத்துப் போட்டுட்டு சுத்தமா வச்சிக்கலாமே?"

நாங்கள் நால்வரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அறுத்துட்டா புதுச எதுல பிணைக்கிறது? எந்த மடையனாவது அறுப்பானா நாயக்கரே?" என்றார் வீரபத்திரன்.

"கிழக்கு மூலையில பழுத்துக்கினு இருந்த கத்தரியும் அந்த ஒரு முழம்தான் செட்டியாரே. வெதைக்கு வுட்டது."

யாருடைய கையும் ஓடவில்லை. வீரபத்திரன் முதல் முறையாகத் தீர்மானம் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"போன வருசத்து வெதை மிச்சம் இருக்குமே?" என்று நான்தான் கேட்டேன்.

"எப்பவும் பாதி எடுத்து வைப்பேன். இருபது வருசமா அப்படித்தான். இந்த வாட்டி மொத்தத்தையும் போட்டேன். பதினெட்டு வூடு நம்பி முன்னாடியே பணம் குடுத்திருக்குது, மழையில மத்தது போனாலும் கத்தரியாவது வரட்டும்னு ரெண்டு பாத்தி கூடப் போட்டேன்."

அவர் குற்றம் சாட்டும் குரலில் இதைச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். அவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கடையில பாக்கெட்டுல வெதை விக்கிறாங்க. நான் வாங்கித் தர்றேன்" என்றார் வீரபத்திரன் மெல்ல.

"வாங்கலாம். மொளைக்கும். அது வேற காய்" என்று துரைக்கண்ணு எழுந்தார். வேட்டியில் ஒட்டிய சாம்பலைத் தட்டினார். "ஆடியில வருவேன். கீரை, வெண்டை, அவரை எல்லாம் போடறேன். கத்தரி மட்டும் கேக்காதீங்க."

வீரபத்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். துரைக்கண்ணு கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க பிணைங்க செட்டியாரே. உங்களுக்கு முனை இருக்குது."