மாத்திரைச் சாயம்

காய்கறிக் கடைக்காரிக்குக் கோபம் வந்தால் தராசு முள்கூட நடுங்கும் என்று சந்தையில் கேலி பேசுவார்கள். அந்தக் கோபத்தில் பெரும் பங்கு அவள் புருஷனுக்குத்தான். வெல்டிங் பட்டறை வேலை, நாளைக்கு இருபது சிகரெட். அவள் சமைக்கிற கேரட்டையும் கீரையையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். தோட்டத்துப் பச்சிலைக்கு வீரியம் கிடையாதே.

ஆனால் அவள் தம்பி விற்கிற மாத்திரைக்கு மட்டும் வீரியம் இருந்தது. கேரட்டின் சத்தைப் பிழிந்து அடைத்த சிவப்பு மாத்திரை, ஆன்டிஆக்ஸிடன்ட், புற்றுநோய் கிட்டவே வராது என்று மாமாவுக்கு வகுப்பெடுத்தான். மாமா தினமும் காலையில் இரண்டை விழுங்கிவிட்டு, இனி பயமில்லை என்று நிம்மதியாகப் பற்றவைத்தார்.

ஒருநாள் துவைக்க எடுத்த கைக்குட்டையில் சிவப்புக் கறை. கேட்டால், மூன்று மாதமாக இருமும்போது வருகிறது, மாத்திரைச் சாயம்தான் என்று மச்சானே சொல்லிவிட்டான் என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக பீட்ரூட் சாயம் ஊறிய கை. சாயம் எது, ரத்தம் எது என்று அவளுக்கா தெரியாது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். அன்றைக்கே கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நுரையீரலில் கட்டி. பரவியும்விட்டது. முதலிலேயே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். அவள் மாத்திரைப் புட்டியை நீட்டினாள். அவர் படித்துப் பார்த்தார். காயும் பழமும் சாப்பிடுவது நல்லது, அந்தச் சத்தை மட்டும் மாத்திரையாக்கினால் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார். புகைப்பவர்களுக்கு இதை அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நுரையீரல் புற்றுநோய் கூடத்தான் செய்ததாம்.

மறுநாள் தம்பி வந்தான். வாசலிலேயே நிறுத்தி, கண்ணால் பார்க்காமலே சாயம் என்று சொன்னவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். தெருவே எட்டிப் பார்த்தது.

கட்டிலிலிருந்து புருஷன் கூப்பிட்டார்.

"அவனை விடு. சாயமா இருக்குமான்னு அவன்கிட்ட கேட்டதே நான்தான். ஆமான்னுதான் சொல்லுவான்னு தெரிஞ்சே கேட்டேன்."

"பக்கத்துலயே இருந்தேனே, என்கிட்ட ஏன் கேக்கல?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ ரத்தம்னு சொல்லியிருப்ப."