அப்பாவின் சிடி செட்டும் ஒரே ஒரு பிளக்கும்

எங்கள் வீட்டு ஹால் அலமாரிக்குப் பின்னால் இரண்டு பிளக். ஒன்று டிவிக்கு, மற்றது அப்பாவின் சிடி செட்டுக்கு. எக்ஸ்டன்ஷன் வயர் போட்டால் தீர்ந்தது என்பீர்கள். எக்ஸ்டன்ஷன் வயர் போட்ட வீடெல்லாம் என்றாவது ஒரு நாள் எரியும் என்பது அப்பாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால், நான் வேலை பார்க்கும், பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருக்கும் தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில், லக்கி டிராவில் எனக்கு ஒரு வைஃபை ஸ்பீக்கர் விழுந்தபோது வீட்டில் போர் மூண்டது. (முதல் பரிசு மோட்டார் சைக்கிள். என்னுடையது பத்தொன்பதாவது.)

“அந்தச் செட்ட ஸ்டோருக்கு அனுப்பிடலாம்பா. உங்க சிடில இருக்கிற பாட்டெல்லாம் இதுல வரும்.”

“வேணும்னா நான் ஸ்டோருக்குப் போறேன். அது இங்கயே இருக்கட்டும்.”

அப்பாவிடம் ஒரு கொள்கை இருந்தது. ஸ்ட்ரீமிங்கில் பாட்டை நசுக்கி அனுப்புகிறார்கள். சிடியில்தான் வீணை வாசிப்பவரின் நகம் கம்பியில் உரசுவது வரைக்கும் கேட்கும். பாதி சரிதான். ஆனால் அது உண்மையான சிடியாக இருக்க வேண்டுமே! அப்பாவின் பொக்கிஷங்கள் அத்தனையும் பெம்பான் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையின் தார்ப்பாய் விரித்த கடையில் பொறுக்கியவை. அட்டை கலர் ஃபோட்டோஸ்டாட், நடிகையின் கன்னம் பச்சை. ஒன்றை என் லாப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். ஒரே தட்டில் தொண்ணூற்றெட்டு பாட்டு, எல்லாம் நசுக்கி நசுக்கி அடைத்த எம்பி3.

“அப்பா, ஒரிஜினல் சிடில தொண்ணூத்தெட்டு பாட்டு எப்படி இருக்கும்?”

“நெறைய இருந்தா நல்லதுதானலா?”

இதற்கு மேல் வாதாட முடியாது. பரீட்சை வைத்தேன். அம்மா நடுவர், கண்ணைக் கட்டிவிடுவோம். ஒரே பாட்டு, மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று சிடியிலிருந்து, ஒன்று ஸ்பீக்கரிலிருந்து. தோற்றது ஸ்டோருக்குப் போக வேண்டும். பாட்டு அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டு. சமையலறையில் கூடவே பாடுவார்; ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டுத் தாவுவார். மறதி என்று நினைத்திருந்தேன்.

அப்பா உடனே சரி என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை. அடுப்பில் ஆட்டுக்கறி கொதிக்கிறது. அன்றைக்கு மட்டும் டிவியைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைச் செருகியிருந்தேன். அம்மா கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, மடியில் சின்ன வெங்காயத்தோடு உட்கார்ந்தார்.

“எதுக்கும்மா வெங்காயம்?”

“கண்ணத்தானே கட்டுனீங்க? கை சும்மாத்தானே இருக்கு.”

நான் ஒரு காரியம் செய்தேன். சத்தம் இத்தனூண்டு கூடினாலே காது அதைத் தரமான ஒலி என்று நம்பிவிடும். ஒலிப் பைத்தியங்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம் இது. ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவில் வைக்க வேண்டும் என்பது விதி. நான் என் ஸ்பீக்கரில் இரண்டு புள்ளி ஏற்றினேன். படித்த பிள்ளை ஏமாற்றினால் இப்படித்தான்.

முதல் சுற்று. சிடியில் தாளம் எண்ணெயில் கடுகு வெடிப்பது மாதிரி கேட்டது. ஸ்ட்ரீமிங்கில், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நகம் கேட்டது!

“ரெண்டாவது,” என்றார் அம்மா. அது என்னுடையது. அடுத்த சுற்றில் வரிசையை மாற்றினேன். “மொதல்ல வந்தது.” அதுவும் என்னுடையது. அப்பாவைப் பார்த்தேன். மனிதர் கவலைப்படவே இல்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக ஐந்து மணி. மூன்றாவது சுற்றில் என் ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருந்தது, பொட்டென்று நின்றது. பக்கத்து விமான நிலையத்தில் இறங்கும் விமானத்தின் சத்தம் மட்டும் கூரைக்கு மேலே கேட்டது.

“பாத்தியா? எங்க செட்டு இப்படி என்னைக்காவது நின்னிருக்கா?” என்றார் அப்பா.

கைப்பேசியைப் பார்த்தேன். பாட்டு என் தங்கையின் கைப்பேசிக்குப் போய்விட்டிருந்தது. அவள் டுரியான் துங்காலில் பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறாள். பாட்டுச் செயலியில் எங்கள் இருவருக்கும் ஒரே கணக்கு; ஒருத்தி பாட்டுப் போட்டால் மற்றவளுக்கு நின்றுவிடும். அழைத்தேன்.

“ஏய், நிறுத்துடி! இங்க பரீட்சை நடக்குது!”

“தெரியும்கா. சரியா அஞ்சு மணிக்குப் பாட்டுப் போடச் சொல்லி அப்பா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாரு. ஆட்டுக்கறி பிரட்டல் கொண்டுவந்து தர்றாராம்.”

வாட்சப்பில் காலை வணக்கப் படத்தை அனுப்பவே என்னைக் கூப்பிடும் மனிதர்!

“இது மோசடிப்பா!”

“நீ சவுண்ட ரெண்டு புள்ளி ஏத்தல? என் கண்ண யாரு கட்டுனா?”

அம்மா துண்டை அவிழ்த்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு திருட்டும் ஒரே வீட்லதான் வந்து பொறக்கணுமா? கண்ணக் கட்டுனதே தண்டம். எது சிடின்னு எனக்கு மொத தடவையே தெரியும். அது நடுவுல தாவுமில்ல?”

கீறல். அம்மாவுக்கு மறதியே இல்லை. கீறல் விழுந்த இடத்தில் சிடி தாவும், அம்மாவும் அதோடு தாவுவார்.

“அப்புறம் ஏன் ரெண்டு தடவையும் என்னோடதச் சொன்னீங்க?”

“அந்த வரி என்னன்னு இன்னைக்குத்தாம்மா தெரிஞ்சது. இத்தன வருஷமா நானே ஏதோ கற்பன பண்ணி வச்சிருந்தேன்.”

அப்பா முகம் வாடியது. எழுந்துபோய்ச் சிடி செட்டின் பிளக்கைத் தானே பிடுங்கினார், வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. கொஞ்சம்தான்.

“அத எங்க தூக்குறீங்க?” என்றார் அம்மா.

“ஸ்டோருக்கு.”

“பாட்டு கேக்குறது நானு, இடம் முடிவு பண்றது நீங்க ரெண்டு பேரா? ரைஸ் குக்கருக்குப் பக்கத்துல பிளக் இருக்கு. அங்க வைங்க. டுரியான் துங்கால்ல இருந்து ஒருத்தி நிறுத்த முடியாது பாருங்க, அது போதும்.”

அப்படித்தான் ஹால் எனக்குக் கிடைத்தது. சிடி செட்டு சமையலறைக்குப் போனது. பாட்டு வேண்டுமென்றால் அப்பா அங்கேதான் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அம்மா வெங்காயத்தை அவர் பக்கம் நகர்த்திவிடுவார். இப்போது அப்பா நன்றாகவே உரிக்கிறார்.

நான் வென்றேனா? தங்கைக்கு வகுப்பு முடியும் நேரம் என் வீணை பாதியில் செத்துவிடும். உடனே அவளுடைய குத்துப்பாட்டு அங்கே ஆரம்பித்திருக்கும். நேற்றும் அப்படித்தான். வேறு வழியில்லாமல் சமையலறைக்குப் போய் நின்றேன். சிடியில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. அந்த இடம் வந்தது, சிடி தாவியது. அம்மா தாவவில்லை. விட்டுப்போன வரியை முழுசாகப் பாடி முடித்துவிட்டு, முந்திப் போன பாட்டை ஓடிப் பிடித்தார்.

நான் சிரித்தேன். அப்பா தலை நிமிராமல் உரிக்காத பூண்டுக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.