உப்பில்லாக் கஞ்சி

1. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரையை அம்மா மாதக்கணக்கில் விழுங்கினாள்.
2. வயிற்றில் புண் வந்தது. யாருக்கும் தெரியவில்லை.
3. ஒரு காலையில் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்து அடுப்படியிலேயே சாய்ந்தாள்.
4. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குக் கொண்டு போவதற்குள் நாடி கைக்கு அகப்படவில்லை.
5. இரத்தம் ஏற்றினார்கள். புண்ணை அடைத்தார்கள். பிழைத்தாள்.
6. பிறகு கண் மஞ்சளானது.

ஆறாவதற்குக் காரணம் நான்காவது. இரத்த அழுத்தம் விழுந்து கிடந்த நேரம் கல்லீரலுக்கு இரத்தம் போகவில்லை. அப்போது கொஞ்சம் செத்தது, நின்ற இரத்தம் திரும்பிப் பாய்ந்தபோது இன்னும் கொஞ்சம் செத்தது என்றார் மருத்துவர்.

"இதுக்குன்னு தனி மருந்து கிடையாதும்மா. மறுபடி பிரஷர் விழாமப் பாத்துக்கோங்க. தண்ணி, உப்பு போட்ட சாப்பாடு, ரெண்டும் குறையக் கூடாது. நாட்டு மருந்து எதுவும் வேண்டாம்."

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி, ஆய்வகக் கருவியின் பக்கத்தில் வைத்துச் சோதித்துவிட்டே வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

எங்கள் தெருவில் மஞ்சள் கண்ணுக்கு ஒரே பெயர்தான்: காமாலை. அதற்கு ஒரே வைத்தியம்தான்: கீழாநெல்லியும் உப்பில்லாப் பத்தியமும். துணைக்கு வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அம்மா வீடு திரும்பிய மறுநாளே மோரில் கீழாநெல்லியைக் கரைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தை, இது அந்தக் காமாலை இல்ல. இரத்தம் போகாம வந்தது."

"எது போகாம வந்தா என்னட்டி? கண்ணு மஞ்சளாத்தான இருக்கு? உப்பத் தின்னா ஆளே போயிரும். உங்க காலேஜு மிசினு கண்ணப் பாத்துச் சொல்லுமா?"

அம்மா சிரித்தாள். "மதினி, நீங்க ரெண்டு பேரும் சண்டைய முடிச்சிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் பட்டினி கெடக்கேன்."

மோரை வாங்கிக் கொட்டினேன். கஞ்சியில் நானே உப்புப் போட்டேன். அத்தை காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

நான் கல்லூரிப் பேருந்து ஏறியதும் பத்தியம் தொடங்கியிருக்கிறது. அத்தைக்கு அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. காலையில் விரதமிருந்து ஆண்டாளுக்கு வேண்டிக்கொண்டுதான் உப்பில்லாமல் காய்ச்சியிருக்கிறாள். அம்மாவும் சம்மதித்திருக்கிறாள். ஆனால் அந்தக் கஞ்சி இறங்கவில்லை. இரண்டு வாய் குடித்துவிட்டு மீதியை அத்தை பார்க்காதபோது கொல்லையில் ஊற்றியிருக்கிறாள். கீழாநெல்லியோ வயிற்றைக் கலக்கியது. உள்ளே போனது கொஞ்சம், போனதும் தங்கவில்லை.

ஒரு சாயங்காலம் கருவியில் அழுத்தம் மிகவும் குறைவாகக் காட்டியது. கருவியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். என் கையில் கட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. சட்டியில் மீதியிருந்த கஞ்சியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சப்பென்று இருந்தது.

"ஏம்மா?"

"உப்புத் தின்னுதான் செத்தாள்னு நாளைக்கு ஊரு சொல்லும்லா. உங்க அத்தைக்குத்தான அந்தப் பழி." எழுந்து நின்றவள் சுவரைப் பிடிப்பதற்குள் விழுந்தாள்.

அதே ராஜபாளையம், அதே மருத்துவர். இரத்தக் கசிவு இல்லை. இரத்தப் பரிசோதனையில் இறங்கிக்கொண்டிருந்த கல்லீரல் எண்கள் மறுபடி ஏறியிருந்தன, முன்னைவிட மேலே. முதல் அடியில் மிச்சமிருந்த இடத்தில் இரண்டாவது விழுந்திருக்கிறது என்றார்.

அத்தை வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறாள். உள்ளே வரக் கூப்பிட்டேன், தலையசைத்து மறுத்துவிட்டாள்.

இப்போது அழுத்தம் மருந்தில் நிற்கிறது. சிறுநீர் குறைந்திருக்கிறது. அம்மாவுக்கு என்னைத் தெரிகிறது, இடம் தெரியவில்லை. மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை.