குறைந்துபோன ஒரு மணியோசை

சிவனொளிபாதமலையில் ஏறும்போது களைக்கிறது என்று சொல்லக்கூடாது. இன்னும் எவ்வளவு தூரம் என்றும் கேட்கக்கூடாது. கேட்டால் மலை நீண்டுவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அக்கா அதை நம்பினாளோ தெரியாது. ஆனால் அடிவாரத்து நல்லதண்ணியில் முதல் படியில் கால் வைக்கும் முன்பே என்னிடம் சொல்லிவிட்டாள்.

"வாயத் திறந்து அந்த ரெண்டில ஒண்டச் சொன்னியெண்டா, உன்ன அங்கயே விட்டிட்டுத் தனிய ஏறுவன்."

சப்பாத்து கடிக்கிறது என்று சொல்லலாம். பை கனக்கிறது, வெயில் சுடுகிறது, பசிக்கிறது, எதையும் சொல்லலாம். களைப்பை மட்டும் சொல்லக்கூடாது. அன்று சொல்லாமல் விழுங்கியதெல்லாம் இப்போது எழுதும்போதும் காலில் வலிக்கிறது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. போன வருடம் அவளுக்கு ஒரு ஒபரேஷன். அதன் பிறகு மாதக்கணக்காக வெள்ளவத்தைக்கும் களுபோவில ஆஸ்பத்திரிக்குமாக முச்சக்கரவண்டியில் அலைச்சல். இப்போது எல்லாம் சரி, வேலைக்குப் போகலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மாதான் சொல்லவில்லை. எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் பழுதான நாட்களில், அக்கா நாலு மாடி ஏறக்கூடாது என்று கீழே வாட்ச்மேனின் கதிரையில் அவளை இருத்தி வைத்துவிடுவார். லிஃப்ட் திருத்துகிறவன் வரும்வரை, முப்பது வயதுப் பெண் ஒருத்தி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் "இப்ப சுகம், சுகம்" என்று சொல்லிக்கொண்டு அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருக்க வேண்டும்.

ஒருநாள் அந்தக் கதிரையிலிருந்து மேலே வந்தபோது அக்கா பையைச் சுவரில் எறிந்தாள். அன்று வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் அம்மாவின் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்தது.

"அப்பிடி உனக்குத் தெம்பு இருக்குதெண்டா, உன்ர தங்கச்சி போன வருஷம் ஏறின மலையில ஏறிக் காட்டு. ஏறினியெண்டா திங்கக்கிழமை வேலைக்குப் போ. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

அக்கா மறுத்துவிடுவாள் என்றுதான் அம்மா நினைத்திருப்பார். அக்கா உடனே டொக்டருக்கு அழைப்பெடுத்தாள். ஆறுதலாக ஏறு, முடியாவிட்டால் திரும்பிவிடு என்றார் அவர்.

"ஏறினதுக்குப் போட்டோ அனுப்புறன்," என்றாள்.

"போட்டோ எனக்கு வேண்டாம். இப்ப போன்ல என்னத்தையும் ஒட்டி எடுக்கிறாங்கள். மேல மணி இருக்குத்தானே? அந்தச் சத்தத்த அனுப்பு."

அந்த மலையில் உச்சிக்குப் போனவர்கள் மணி அடிக்க வேண்டும். எத்தனையாவது தடவை ஏறுகிறார்களோ அத்தனை அடி. முதல் தடவைக்கு ஒன்று, இரண்டாம் தடவைக்கு இரண்டு. அம்மா விரலை மடக்கி எண்ணினார். "சின்னவளுக்கு ரெண்டு, உனக்கு ஒண்டு. மூண்டு கேக்கவேணும். மூண்டு கேட்டாத்தான் நம்புவன்."

நான் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரித்திருக்கக்கூடாது. ஏனென்றால் நான் போன வருடம் உச்சிக்குப் போகவில்லை.

நான் எதையும் சட்டென்று தொடங்குகிறவள். நீச்சல் தொடங்கினேன், பிரெஞ்சு தொடங்கினேன், இரண்டு மாதம் கிட்டார். எதையும் முடித்ததில்லை என்பது வீட்டில் நிரந்தரப் பகிடி. போன வருடம் கம்பஸ் நண்பர்களோடு மலைக்குப் போனபோது, கடைசிச் செங்குத்துப் படிகளுக்குக் கீழே இருக்கிற தேத்தண்ணிக் கடையில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. "நீங்க போங்கோ, நான் பின்னால வாறன்" என்றேன். வலி அரை மணித்தியாலத்தில் போய்விட்டது. நான் எழும்பவில்லை. அவர்கள் திரும்பி வரும்வரை கடையின் வாங்குப் பலகையில் இருந்தபடி பால் விடாத மூன்று பிளேன்டீ குடித்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "மேல போனியோ?" நான் "ஓம்" என்றேன். ஒரு சொல்தான். இறங்கி வந்தபோது அடிவாரக் கோவிலில் ஐயர் தந்த திருநீறு பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். மலையில் இருந்து வந்த திருநீறு என்று அம்மாவே முடிவு செய்துகொண்டார். நானும் விட்டுவிட்டேன். பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு காலையும் அம்மா அதில் ஒரு சிட்டிகை எடுத்து அவள் நெற்றியில் பூசினார்.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் பின்னேரமே நல்லதண்ணிக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு சின்ன அறையில் தங்கி, விடிந்து வெளிச்சம் வந்த பிறகே வெளிக்கிட்டோம். வார நாள் என்பதால் சனம் குறைவு. முதலில் தேயிலைக்கு நடுவே கிட்டத்தட்டச் சமதரை. அக்கா உற்சாகமாக நடந்தாள். சீத கங்குல ஓடையில் முகம் கழுவினோம். தண்ணீர் பல்லைக் கூசச் செய்தது. அதன் பிறகு படிகள். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம், அதற்கடுத்தது சரிந்தது. கால் ஒரு தாளத்தைப் பிடிப்பதற்குள் படி அதைக் கெடுத்துவிடும். ஒரு மணித்தியாலத்தில் என் பேச்சு நின்றது. இரண்டாவது மணித்தியாலத்தில் யோசிப்பதும் நின்றது. முன்னால் போகிற அக்காவின் குதிக்காலை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். ஒரு காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் எங்களை முந்திப் போனார். செருப்புக்கூடப் போட்டிருக்கவில்லை. பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஒரு வளைவில் அக்காவுக்குத் தெரியாமல், இறங்கி வந்த ஒரு மனிதரிடம் கண்ணாலும் கையாலும் இன்னும் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சிரித்து, மலையில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற "கருணாவய்" என்ற வாழ்த்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

முதல் தடவை ஏறுகிறவர்கள் ஓரிடத்தில் ஊசியும் நூலும் விட்டுப் போவது அங்கே வழக்கம். அக்கா பேர்ஸிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள். வெள்ளை நூல் கோத்துக் கடதாசியில் குத்தி வைத்திருந்தாள். ஒன்றுதான் கொண்டு வந்திருந்தாள்.

"நீ போன வருஷம் போட்டனிதானே?"

"ஓம்."

நண்பர்களோடு கத்திக்கொண்டு அந்த இடத்தை நான் கவனிக்காமலே கடந்திருந்தேன். இன்னொரு "ஓம்" சேர்ந்தது. முந்தினதைவிட இது கனத்தது.

அதற்குக் கொஞ்சம் மேலேதான் அந்தத் தேத்தண்ணிக் கடை. அதே வாங்கு, அதே நீலத் தார்ப்பாய். அக்கா அதில் விழுந்த மாதிரி இருந்தாள். உதடு வெளுத்திருந்தது. கடைக்கார அம்மா தேயிலைத் தோட்டத்துப் பக்கத்தவர். சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணியை அவள் கையில் வைத்தார்.

"மெதுவா குடிங்க புள்ள. உச்சி எங்கயும் ஓடிப் போகாது."

அக்கா குடித்தாள். பிறகு மேலே போகிற இரும்புக் கம்பிப் படிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தூரம் கேக்கேல்ல. நீ போனனிதானே, மேல எப்பிடியெண்டு மட்டும் சொல்லு. சொன்னாத்தான் எழும்புவன்."

எனக்கு மேலே எப்படி என்று தெரியாது. என் உலகம் அந்த வாங்கோடு முடிந்திருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் செங்குத்து. பிறகு ஒரு வளைவு. வளைவில இன்னொரு கடை. அதுக்குப் பிறகு தட்டை. தட்டையில நடந்தா மணி."

அவள் கம்பியைப் பிடித்து எழும்பினாள்.

வளைவு வந்தது. கடை வரவில்லை. தட்டை வரவில்லை. படிகள் ஏணி மாதிரி நிமிர்ந்து நின்றன. பத்துப் படி ஏறுவோம், நிற்போம். பிறகு ஐந்து. பிறகு அவள் ஒவ்வொரு படியிலும் நின்றாள். முகில் வந்து எங்களை மூடியதும் மேலே என்ன இருக்கிறது என்றும் தெரியாமல் போனது. வியர்வை குளிர்ந்தது. கம்பியில் பிடித்த கை விறைத்தது.

"எங்கயடி உன்ர கடை?"

"கழட்டிப் போட்டாங்கள் போல."

"தட்டையையும் கழட்டிப் போட்டாங்களோ?"

நான் கம்பியை இறுக்கிப் பிடித்து அடுத்த படியில் ஏறினேன். மூச்சுத்தான் கேட்டது, அவளுடையதா என்னுடையதா என்று பிரிக்க முடியாத மூச்சு. அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனால் தப்பலாம் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. உச்சி இல்லையென்றால் மணியும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. அப்படி நினைத்ததைத்தான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

உச்சியில் சப்பாத்தைக் கழற்றி வெறுங்காலோடு நின்றோம். சீமெந்துத் தரை ஐஸாக இருந்தது. காட்சி என்று ஒன்றுமில்லை, நாலு பக்கமும் வெள்ளைப் பனிப்புகார். அக்கா அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. "வந்திட்டன்" என்று மட்டும் தன் கால்களைப் பார்த்துச் சொன்னாள். கும்பிட்டுவிட்டு மணிக்குப் போனோம். போனில் ரெக்கோர்டிங்கைப் போட்டு அக்காவே பிடித்தாள். மற்றக் கையால் கயிற்றை இழுத்தாள். ஒன்று. அந்தச் சத்தம் புகாருக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றது.

"இப்ப நீ. ரெண்டு."

நான் இழுத்தேன். ஒன்று அடித்தது. கயிறு கையில்தான் இருந்தது. இன்னொரு தரம் இழுக்க எந்தப் பலமும் தேவையில்லை. கடவுளுக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. எனக்கு அலுத்துப் போயிருந்தது. அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு இத்தனை படி ஏறியதில், அதற்கு மேல் ஒரு அடிகூட அதைத் தூக்க முடியவில்லை. கயிற்றை விட்டேன்.

அக்கா ரெக்கோர்டிங்கை நிறுத்தி அனுப்பிவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். "என்ன, கை ஏலாமப் போட்டுதோ?"

"இல்ல. இதுதான் எனக்கு முதல் தரம்."

அவள் ஆடிக்கொண்டிருந்த கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள். "கடையில்லாத வளைவில நினைச்சனான்," என்றாள் பிறகு. "அப்ப அந்த வாங்கில இருந்துகொண்டு என்னத்தப் பாத்து எனக்கு வழி சொன்னனீ?"

அதற்குள் அம்மாவின் குரல் செய்தி வந்துவிட்டது. அக்கா சத்தமாகப் போட்டாள்.

"கேட்டனான் பிள்ளையள். ரெண்டு கேட்டது. சின்னவள் அடிச்சிட்டாள். பெரியவளுக்கு ஏலாமப் போட்டுதாக்கும். பரவாயில்ல குஞ்சு, ஆர் என்ன சொல்லப்போகினம்? ஆறுதலா இறங்கி வாங்கோ. வேலையப் பற்றி அடுத்த வருஷம் பாப்பம்."

அம்மாவின் குரலில் எவ்வளவு அன்பு! அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வாட்ச்மேனின் கதிரையில் இருக்கும்போது இருக்கிற அதே முகம்.

அவள் போனை என் கையில் தந்தாள்.

எனக்கு உடனே வழி தெரிந்தது. கை விறைத்துவிட்டது அம்மா, நான் ஒன்றுதான் அடித்தேன், மற்றது அக்காவுடையது என்று சொல்லிவிடலாம். முழுப் பொய்கூட இல்லை. அம்மா நம்பினாலும் நம்பியிருப்பார். அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்தும் அவள் என்னைப் பார்க்காமல் புகாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழைப்பெடுத்தேன். வெள்ளவத்தையில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே ரயில் போகிற சத்தம் முதலில் வந்தது. அது போய் முடியும்வரை காத்திருந்தேன்.

"அம்மா, ரெண்டில ஒண்டு அக்காவின்ர. அவ மேல ஏறி நிக்கிறா. ஒண்டுதான் என்ர. போன வருஷம் நான் உச்சிக்கு வரேல்ல. பாதியில இருந்திட்டன். உங்களுக்குப் பொய் சொன்னனான்."

மறுபக்கத்தில் குக்கர் ஒரு தரம் விசிலடித்தது.

"அப்ப அந்தத் திருநீறு?"

"கீழ, கோவில்ல தந்தது."

"அதைத்தான் நான் நாள் தவறாமப் பூசினனான், என்ன?"

"ஓம்."

அன்று சொன்ன "ஓம்"களில் அது ஒன்றுதான் உண்மை. அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் சுகமாக இருந்திருக்கும்.

"அக்காட்டக் குடு," என்றார்.

போனைக் கொடுத்தேன். சத்தமாகவே இருந்தது. "பிள்ளை, உண்மையாவே மேலயோ நிக்கிறாய்?"

"ஓம் அம்மா."

"சத்தியமா?"

"இவள் சத்தியம் பண்ணினாத்தான் நம்பக்கூடாது. நான் சொல்லுறன், நம்புங்கோ."

அம்மா மூக்கை உறிஞ்சினார். பிறகு, திங்கட்கிழமைக்கு எந்தச் சாரி, அயர்ன் பண்ணி வைக்கவா என்று கேட்டார். நீலம் என்றாள் அக்கா. அம்மா விடவில்லை. "நல்லாக் களைச்சிட்டியோ? கால் நோகுதோ? உண்மையச் சொல்லு."

அக்கா கீழே முகிலுக்குள் மறைகிற படிகளைப் பார்த்தாள். ஏறின அத்தனையும் இனி இறங்க வேண்டும்.

"அதை இறங்கினாப் பிறகு சொல்லுறன்," என்றாள்.